வில்லியின் பார்வையா, சென்னையின் ரயிலா?

பழைய மாயக்கதையை நாவலாகத் திரும்ப எழுத இரண்டு நல்ல வழிகள் உண்டு: கதை உலகத்தை அப்படியே வைத்துப் பார்வையை மாற்றுவது, அல்லது கதையை நம் ஊருக்குக் கூட்டி வருவது.

முதல் வழிக்கு கிரெகரி மகுவாயரின் 'விக்கட்' (1995) நாவல் போதும். எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய, ஓஸ் என்ற மாயநாட்டுக் கதையில் வில்லியான மேற்குச் சூனியக்காரிக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில் கரைந்து போவாள். மகுவாயர் அவளுக்குப் பாமின் முதலெழுத்துகளிலிருந்து எல்ஃபபா என்று பெயர் வைத்தார். பச்சைத் தோலோடு பிறந்தவள், பேசும் விலங்குகளுக்காகப் போராடுகிறாள். முடிவு தெரிந்திருப்பதாலேயே மனசு பதறுகிறது.

இரண்டாவது வழி சட்டென்று பிடித்துப்போகும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் கடைசி மின்சார ரயில் ஏறுகிறான் என்று வையுங்கள். கிண்டி வரும்போது வேதாளம் கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் அது தாம்பரத்து முருங்கை மரத்துக்கே பறந்துவிடும். திரும்பிப் போக ரயில் இல்லை. இப்படிப் பழைய விதி ஊரோடு மோதினால்தான் உயிர் வரும். வெறுமனே மெரினாவையும் சுண்டலையும் தூவினால் அலங்காரம்தான் மிஞ்சும்.

சிறுகதைக்கு இரண்டாவது வழி அருமை. முந்நூறு பக்க நாவலுக்கு என் ஓட்டு முதல் வழிக்கே. ஊர் மாறிய சுவாரசியம் சீக்கிரம் பழகிவிடும். வேதாளம் ஏன் மறுபடி மறுபடி அந்த மரத்துக்கே போகிறது என்ற கேள்வி அப்படிப் பழகாது.