வளையமா, குட்டானா, ஈசாய் மரமா?

டிசம்பர் வந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு எல்லாம் தானாக நடக்கும். ஒளிவிழா வரும், வகுப்பில் நட்சத்திரம் கட்டுவார்கள், நத்தார் தாத்தா வேஷம் போட்ட யாராவது ரொபி எறிவார்கள். மூன்று பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிப்பிக்கிற எங்களுக்கு நாங்களாகச் செய்தால்தான் ஏதும் உண்டு. சரி, செய்வோம் என்று இறங்கினால் எதைச் செய்வது என்பதில் குழப்பம். நத்தாரை எதிர்பார்த்துக் காத்திருக்கிற நாட்களை வீட்டில் பிள்ளைகளோடு கழிக்க நான்கு வழிகள் இருக்கின்றன, நான்கையும் செய்து பார்த்தாயிற்று. எது நின்றது, எது கவிழ்ந்தது என்று எழுதுகிறேன். மூத்தவளுக்கு 13 வயது, நடுவிலானுக்கு 9, கடைக்குட்டிக்கு 4 என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள், ஏனென்றால் பாதித் தீர்ப்பு அந்த வயதுகளைப் பொறுத்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். இவர் உடுவில், தென்னிந்தியத் திருச்சபை என்கிற புரட்டஸ்தாந்துச் சபை. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் சேர்ந்த இந்தக் காலம் என் அம்மாவுக்குத் திருவருகைக்காலம், இவருடைய அம்மாவுக்கு அட்வெந்து. பிள்ளைகளின் அம்மம்மா சூசையப்பர், சம்மனசு என்பார்; அப்பம்மா யோசேப்பு, தேவதூதன் என்பார். கடைக்குட்டி கொஞ்சக் காலம் இவர்கள் நான்கு பேர் என்றே நினைத்திருந்தான்.

2022இல் முதலில் செய்தது ஈசாய் மரம். வேதாகமத்தில் ஏசாயா 11ஆம் அதிகாரத்தில், தாவீது அரசனின் தகப்பன் ஈசாயின் அடிமரத்திலிருந்து துளிர் வரும் என்று இருக்கிறது அல்லவா, அதை வைத்து ஒரு கிளையை வாளி மண்ணில் நட்டு, படைப்பில் தொடங்கி நோவா, ஆபிரகாம், ரூத், தாவீது என்று நாளுக்கு ஒரு கதை வாசித்து, அந்தக் கதைக்கு ஒரு சின்னம் வரைந்து தொங்கவிடுவது. படிப்பிக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றுதான் நினைத்தேன். வேதாகமம், ஓவியம், வரலாறு, எழுத்துப் பயிற்சி எல்லாம் ஒரே மரத்தில். அப்பம்மாவுக்கும் நல்ல சந்தோஷம், திரி கொளுத்துகிற வேலை இல்லை, முழுக்க வேத வசனம்.

ஆனால் அது மின்வெட்டுக் காலம். பின்னேரம் கரண்ட் போகும், ரோர்ச் வெளிச்சத்தில் கத்தரிக்கோல் தேடிக்கொண்டு நான் ஆபிரகாம் கதை சொல்வேன், கடைக்குட்டி மடியில் நித்திரை. முதல் வாரம் வடிவாக நடந்தது. இரண்டாவது வாரம் இரண்டு நாள் பின்தங்கினோம், பின்தங்கியதைப் பிடிக்க ஒரே இரவில் மூன்று கதை. மத்தேயு முதலாம் அதிகாரத்து வம்சவரலாற்றில் தாமாரும் உரியாவின் மனைவியும் வருகிறார்கள், பெரியவர்களுக்கான கதைகள், அதை ஒன்பது வயதுக்குக் கீழே எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினது தனிக் கதை. அப்புறம் ஒரு நாள் நடுவிலான் கேட்டான்: “அம்மா, இது பாடமோ, செபமோ?” எனக்குப் பதில் வரவில்லை. நான் அவன் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. திருவருகைக்காலம் எப்போதும் ஒரே நீளம் இல்லை. நவம்பர் 30, அந்திரேயா திருநாளுக்குக் கிட்டிய ஞாயிறில் தொடங்கும், அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எங்கேயும் விழலாம். 2022இல் 27ஆம் தேதியே தொடங்கியதால் 28 நாள், நாங்களும் 28 சின்னம் செய்தோம். அடுத்த வருடம் அதே பெட்டியை எடுத்தால் டிசம்பர் 3இல் தொடக்கம், 22 நாள்தான். ஆறு கதைக்கு இடமில்லை. யாரை வெளியே விடுவது என்று பிள்ளைகள் பெரிய வழக்காடினார்கள், யோனாவைக் கழித்தார்கள், பாவம். 2026இல் நவம்பர் 29 தொடக்கம், 26 நாள்.

குட்டான் என்றால் பனங்கட்டி போட்டு விற்கிற சின்ன ஓலைப்பெட்டி. அந்த யோசனை வந்தது சொக்லேட்டால். கனடாவில் இருக்கிற மச்சாள் 24 கதவுள்ள கலண்டர் ஒன்று பார்சலில் அனுப்பினார். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சொக்லேட், டிசம்பர் 1இலிருந்து நாளுக்கு ஒன்று. அது வந்து சேரும்போது பாதி உருகி எறும்பு பிடித்திருந்தது, மிச்சத்தை இரண்டாம் நாளே கடைக்குட்டி முழுக் கதவையும் உடைத்து முடித்தான். அடுத்த வருடம் நானே செய்தேன். சந்தையில் பனங்கட்டிக் குட்டான் வாங்கி, பனங்கட்டியைத் தேநீருக்கு எடுத்துக்கொண்டு, வெறும் குட்டான் 24ஐயும் கயிற்றில் கோர்த்து யன்னலில் கட்டினேன். உள்ளே ஒரு துண்டுக் கடதாசி: இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பயற்றம் பணியாரம் கொண்டுபோய்க் கொடு, இன்றைக்கு ஒரு பாட்டுப் படி, இன்றைக்கு ஒரு எள்ளுருண்டை. பார்க்க அவ்வளவு அழகு, வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள்.

அதோடு சரி. எள்ளுருண்டை இல்லாத நாள் முகம் சுருங்கும். 24 நாளும் எதையாவது நிரப்புகிற வேலை இரவு பத்து மணிக்கு என் தலையில். நாலு வயதுக்கு நாள் எண்ணப் பழக இது மிக நல்ல சாமான், அதை மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்கப் பழக்க வேண்டிய காலத்தில் தினமும் ஏதோ கையில் கிடைத்துக்கொண்டே இருந்தால் அதை எப்படிக் காத்திருப்பு என்று சொல்வது?

வைக்கோல் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலன் குடிலில் முன்னணையை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியை, வெறுமையாக வைத்து, நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு வைக்கோல் போடுவது, 24ஆம் தேதி இரவு பாலனைக் கிடத்துவது. 1223இல் இத்தாலியில் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் குடில் வைத்த கதையையும் சேர்த்துச் சொல்லலாம், செலவு ஒன்றும் இல்லை. டிசம்பரில் இங்கே வயல் இன்னும் பச்சை, அதனால் மாடு வைத்திருப்பவர்களிடம் பழைய வைக்கோல் ஒரு பிடி கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மூன்று நாளில் அது வட்டிக்கடைக் கணக்காகிப் போனது. “தம்பிக்குத் தண்ணி குடுத்தனான், ஒண்டு போடுறன்.” யாருக்கும் சொல்லாமல் போடவேண்டும் என்று சட்டம் போட்டபிறகுதான் சத்தம் அடங்கியது.

இனி வளையம். வட்டமாகப் பச்சைக் கிளை, நான்கு மெழுகுதிரி, ஞாயிறுக்கு ஒன்று கூடக் கொளுத்துவது. இதை நான் கடைசியாகத்தான் எடுத்தேன், அப்பம்மாவுக்குப் பயந்து. வளையம் கத்தோலிக்கப் பழக்கம், எங்கள் சபையில் அப்படி இல்லை என்பார். உண்மையில் கதை மறுவளம். இதைத் தொடங்கியது லூத்தரன் என்கிற புரட்டஸ்தாந்துப் பிரிவின் போதகர், யோஹான் ஹின்ரிச் விஹெர்ன். 1839இல் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகள் விடுதி நடத்தினார், நத்தார் எப்போ வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு வண்டிச்சில்லில் சின்னச் சிவப்புத் திரி 20, பெரிய வெள்ளைத் திரி 4 வைத்து நாள் காட்டினார். கத்தோலிக்கர் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள், ஊதாவும் மூன்றாம் ஞாயிறுக்கு ரோஸ் நிறமும் அவர்கள் சேர்த்தது. அப்பம்மா விரும்பிய ஈசாய் மரம்தான் 12ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் சார்த்ர் என்ற கத்தோலிக்கப் பேராலயத்துக் கண்ணாடியில் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னபோது அம்மம்மா சிரித்தார், அப்பம்மா “அப்ப சரி, கொளுத்துங்கோ” என்றார். அவருடைய சபைக்கு வித்திட்ட அமெரிக்க மிஷன் 1816இல் வந்தது, அவர்கள் புறப்பட்ட நியூ இங்கிலாந்துச் சபைகளில் அந்தக் காலத்தில் நத்தாரையே கொண்டாடுவதில்லை என்பதை நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லக்கூடாது.

வளையத்தில் படிப்பிக்க ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பலம். ஐந்து நிமிடம். லைற்றை அணைத்து, ஒரு வசனம், ஒரு பாட்டு, கடைக்குட்டி ஊதி அணைப்பான். கரண்ட் போனால் இன்னும் நல்லது. ஒரு ஞாயிறு தவறினாலும் அடுத்த ஞாயிறு இரண்டு திரியாகக் கொளுத்தினால் போதும், பிடிக்கவேண்டிய பாடம் மிச்சம் இல்லை. சில வருடம் முதல் வாரத்திலேயே அயலில் கார்த்திகை விளக்கீடும் வந்துவிடும், அவர்கள் படலையில் தீபம், நாங்கள் மேசையில் ஒன்று. மழை இருட்டுக்குள் எல்லாரும் விளக்கேற்றுகிற ஊரில் பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

குறையும் உண்டு. 13 வயதுக்காரிக்கு ஐந்து நிமிடம் போதாது, அவளுக்குக் கேள்விகள் இருக்கின்றன. நெருப்பும் சின்னப் பிள்ளையும் ஒரே மேசையில் என்றால் ஒரு கண் அங்கேயே இருக்கவேண்டும்.

ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் வளையத்தை எடுங்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் ஈசாய் மரத்தையும் வையுங்கள், ஆனால் காலையில் வேதாகமப் பாட நேரத்தில், வாரத்துக்கு நான்கு கதையோடு, தாமார் கதையை மூத்தவளிடம் மட்டும். நாங்கள் இப்போது அப்படித்தான். நடுவிலானுக்கும் பதில் கிடைத்துவிட்டது: காலையில் பாடம், ஞாயிறு இரவு செபம். குட்டானைக் கடைக்குட்டிக்காக டிசம்பர் 17இலிருந்து எட்டு நாளுக்கு மட்டும் கட்டுகிறேன், எட்டை நிரப்புவது பெரிய வேலை இல்லை. நான்கையும் ஒரே வருடத்தில் செய்ய நினைக்காதீர்கள், நான் செய்தேன், 20ஆம் தேதி கேக்குக்கு முட்டை அடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை.

ஊதா மெழுகுதிரிக்காகக் கடை கடையாக அலையவும் வேண்டாம். சாதாரண வெள்ளைத் திரி நான்கு, மூன்றின் அடியில் ஊதா ரிப்பன், ஒன்றில் ரோஸ். கிளைக்குச் சவுக்கு நல்லது, வேம்பு இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். நெருப்புப்பெட்டியை அரிசி வாளிக்குள் வையுங்கள், இந்த மழைக்கு வெளியே வைத்தால் மூன்றாவது ஞாயிறு ஒரு குச்சியும் பற்றாது.