நீரைப் பிரிக்கும் மின்வாய்: ஒரு செய்முறைப் பெட்டியின் மதிப்பீடு

உயர்தர மாணவர்களின் இரசாயனவியல் செயற்றிட்டத்துக்காக நுவரெலியாவுக்குத் தபாலில் வரவழைத்த இந்தப் பெட்டி, மின்கடத்தும் படலம் பூசிய கண்ணாடியில் செந்நிற இரும்பு ஒட்சைட்டை வளர்த்து, கட்புல ஒளியில் இயங்கி நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்க உதவும் குறைகடத்தி மின்வாயைச் செய்துபார்க்க வழிசெய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுக் களியையும் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. 1972இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு அந்தச் சேர்வையைப் பற்றியதே. ஆனால் அதன் பட்டை இடைவெளி, அதாவது ஓர் இலத்திரனைக் கிளப்பி நகரவிட ஒளி கொடுக்கவேண்டிய மிகக்குறைந்த சக்தி, ஏறத்தாழ 3 இலத்திரன் வோல்ற்று என்பதால் பெரும்பாலும் புறஊதாக் கதிரே அதற்குப் பயன்படும். இரும்பு ஒட்சைட்டுக்கு இது ஏறத்தாழ 2.1 என்பதால், 590 நனோமீற்றர் வரையான ஒளியையும் அது உறிஞ்சும்.

கையேட்டை எழுதியவர் மலைநாட்டை நினைத்துப் பார்க்கவில்லை போலும். பெரிக் குளோரைட்டும் சோடியம் நைத்திரேற்றும் கலந்த கரைசலில் கண்ணாடியை அமிழ்த்தி, கொதிநீர்த் தொட்டியில் 100 பாகையில் பல மணி நேரம் வைக்கச் சொல்கிறார். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள எங்கள் ஊரிலோ நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். சமையலுக்கு இனி எடுக்காத பழைய பிரஷர் குக்கருக்குள் போத்தலை வைத்த பின்னரே கண்ணாடியில் சீரான மஞ்சட் படலம் படிந்தது. அதை 550 பாகையில் சுட வேண்டும். பாடசாலையில் உலை இல்லாததால் கண்டிவரை கொண்டுபோக நேர்ந்தது. சுட்டெடுத்தபோது மஞ்சள் மறைந்து செங்கல் நிறம் வந்திருந்தது.

சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இரு மின்வாய்களையும் மாறிமாறிச் சோதித்தோம். விளக்குக்கு முன்னால் புறஊதாவை மறிக்கும் தாளைப் பிடித்ததும் தைத்தேனியத்தின் மின்னோட்டம் ஏறக்குறைய அற்றுப்போக, இரும்பினது சற்றுக் குறைந்தாலும் தொடர்ந்தது. இந்த ஒரு சோதனைக்காகவே பெட்டியை வாங்கலாம்.

எனினும், வெயில் மட்டும் போதும் என்று மூடியில் அச்சிட்டிருப்பது தவறு. இரும்பு ஒட்சைட்டின் கடத்தற்பட்டை விளிம்பு (ஒளியால் கிளம்பிய இலத்திரன்கள் வந்து நிற்கும் சக்தி மட்டம்) ஐதரசனை வெளிவிடப் போதிய மட்டத்தில் இல்லாததால், வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தே ஆகவேண்டும். ஒளியால் பிறக்கும் துளைகளும் (இலத்திரன் விலகியதால் உண்டாகும் நேரேற்ற வெற்றிடங்கள்) சில நனோமீற்றர் நகர்வதற்குள் இலத்திரன்களோடு மீளச் சேர்ந்துவிடுவதால், மின்னோட்டம் மைக்குரோ அம்பியர் அளவிலேயே நின்றது. மின்கலத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் அது இல்லை.