பார்வோ குட்டி: அட்மிட் செய்வதா, தோலடித் திரவத்தோடு வீட்டுக்கு அனுப்புவதா?

குடலைத் தாக்கும் பார்வோ வைரஸால் ரத்தக் கழிச்சலும் வாந்தியுமாக வரும் நாய்க்குட்டியை அட்மிட் செய்து நரம்பில் டிரிப் ஏற்றுவதுதான் இன்றும் முதல் வழி. அதற்கு உரிமையாளருக்கு வசதியில்லை என்றால் கருணைக்கொலைதான் என்ற நிலையை மாற்றியது, கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் வகுத்த வெளிநோயாளி முறை, அதாவது திரவத்தையும் மருந்தையும் தோலடியில் போட்டு வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் முறை. 2017இல் அதன் ஒப்பீட்டு ஆய்வு வெளியானது. மொத்தம் 40 நாய்கள், குழுவுக்கு 20. உள்நோயாளிகளில் 18 பிழைத்தன (90%), வெளிநோயாளி முறையில் 16 (80%). அந்த 80 என்ற எண் பல கிளினிக்குகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பெற்றுத் தந்த உழைப்பு இன்னும் வந்து சேரவில்லை. தினமும் கொஞ்சம் சலைனைத் தோலடியில் ஏற்றி அனுப்புவதற்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு முறைகளும் அருகருகே

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். வெளிநோயாளிக் குழு நாய்களுக்கும் முதலில் நரம்புவழித் திரவம் கொடுத்து ரத்த ஓட்டத்தை நிலைப்படுத்தி, தாழ்ந்திருந்த குளுக்கோஸைச் சரிசெய்த பிறகே தோலடிக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு பாதை பிரிகிறது. உள்நோயாளிக்குத் தொடர் நரம்புவழித் திரவம், செஃபாக்சிட்டின் (ஆன்டிபயாடிக்) கிலோவுக்கு 22 மி.கி. 8 மணிக்கொரு முறை, மாரோபிட்டன்ட் (வாந்தியை அடக்கும் மருந்து) கிலோவுக்கு 1 மி.கி. நாளுக்கு ஒரு முறை, எல்லாமே நரம்பில். வெளிநோயாளிக்குச் சமச்செறிவுத் திரவம் (ரத்தத்துக்கு இணையான செறிவுள்ளது) கிலோவுக்கு 30 மி.லி. 6 மணிக்கொரு முறை, செஃபோவெசின் (இதுவும் ஆன்டிபயாடிக்) கிலோவுக்கு 8 மி.கி. ஒரே ஊசி, மாரோபிட்டன்ட் அதே அளவில், எல்லாமே தோலடியில். 4 கிலோ குட்டிக்குக் கணக்குப் போட்டால் வேளைக்கு 120 மி.லி., நாளுக்கு 480 மி.லி. காலையில் 100 மி.லி. ஏற்றி அனுப்பும் வழக்கம் இதில் கால் பங்குகூட வராது.

செஃபோவெசின் வீட்டு முறைக்கு வசதியான மருந்துதான். ஆனால் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போடக் கூடாது. நாள்கணக்கில் உடலில் தங்குவதால், ஒவ்வாமை வந்தால் அடுத்த டோஸை நிறுத்திச் சமாளிக்கவும் வழியில்லை.

80 சதவீதத்தை எப்படிப் படிப்பது

இரு குழுக்களின் பிழைப்பு வேறுபாட்டுக்குப் பி மதிப்பு (இப்படியொரு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய வாய்ப்பின் அளவு) 0.66 என்பதைப் பார்த்து “இரண்டும் சமம்” என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அப்படிப் பொருள் இல்லை. 20இல் 16 என்பதன் 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, ஏறத்தாழ 56 முதல் 94 சதவீதம் வரை விரிகிறது. இவ்வளவு சிறிய குழுக்களை வைத்து 10 சதவீத வேறுபாட்டை உறுதிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று: ஆய்வில் வெளிநோயாளிக் குழுவும் மருத்துவமனையிலேயே தங்கியிருந்தது. ஊசிகளை நேரம் தவறாமல் போட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அப்படியிருந்தும் பாதி நாய்களுக்குக் குளுக்கோஸும், 60 சதவீத நாய்களுக்குப் பொட்டாசியமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் கிடக்கும் குட்டிக்கு இவை குறைவது யார் கண்ணிலும் படாது. ஆகவே இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் தினமும் ஒரு முறையாவது வரவழைத்து எடை, வெப்பநிலை, குளுக்கோஸ், பொட்டாசியம் பார்த்தே ஆக வேண்டும். “மோசமானால் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பினால் அது வேறு சிகிச்சை. அதன் பிழைப்பு விகிதத்தை இந்த ஆய்வு சொல்லவில்லை.

தோலடி வழி தோற்கும் இடங்கள்

அதிர்ச்சி நிலையில் இருக்கும் குட்டிக்குத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும். ஏற்றிய திரவம் உறிஞ்சப்படாமல் தோள்களுக்கு நடுவிலிருந்து சரிந்து, மார்புக்குக் கீழும் முன்னங்காலிலும் பை போலத் தொங்கும். 6 மணி நேரம் கழித்தும் அது அப்படியே இருந்தால் மேலும் ஏற்றக் கூடாது. உடனே நரம்பு வழிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கான அறிகுறி அது. ஒவ்வொரு வேளையும் ஊசி போடுமுன் கையால் தடவிப் பார்க்க உரிமையாளருக்குச் சொல்லிக்கொடுங்கள். திரவத்தை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

குளுக்கோஸ் குறைகிறதே என்று 5% டெக்ஸ்ட்ரோஸைத் தோலடியில் ஏற்றுவது இன்னும் நடக்கிறது. அது எலக்ட்ரோலைட்டுகளை (ரத்தத்தின் உப்புகளை) தோலடிக்கு இழுத்துக்கொள்ளும், சீழ்க்கட்டிக்கும் இடம் கொடுக்கும். வீட்டில் செய்ய வேண்டியது ஈறில் சர்க்கரைப் பாகு தடவுவதுதான். கிளினிக்கில் என்றால் 50% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.லி., நன்றாக நீர்க்கச் செய்து நரம்பில் மெதுவாக.

டிரிப் போட்டுவிட்டோம் என்று உள்நோயாளி முறையிலும் நிம்மதியாக இருக்க முடியாது. 4 கிலோ குட்டிக்கு 8% நீரிழப்பு என்றால் பற்றாக்குறை மட்டுமே 320 மி.லி. அன்றாடத் தேவையும், கழிச்சலில் போய்க்கொண்டிருப்பதும் அதற்கு மேல். இரவில் ஆளில்லாத கிளினிக்கில் குழாய் மடங்கி நின்றுபோன டிரிப்பைவிட, விழிப்புள்ள வீட்டில் நேரத்துக்குப் போடும் தோலடித் திரவமே மேல் என்பது என் கருத்து.

பட்டினியா, உணவா

இதில் தயக்கத்துக்கே இடமில்லை. 2003இல் வந்த ஆய்வில், வாந்தி நிற்கும்வரை பட்டினி போட்ட 15 நாய்களில் 13 பிழைத்தன. சேர்த்த 12 மணி நேரத்தில் மூக்குவழிக் குழாயில் உணவு தொடங்கிய 15இல் 15ம் பிழைத்தன, எடையும் கூடியது. வெளிநோயாளி முறையில் கூழான மருத்துவ உணவு கிலோவுக்கு 1 மி.லி. 6 மணிக்கொரு முறை சிரிஞ்சில். வாந்தி எடுத்தால் அளவைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை. மாரோபிட்டன்ட் கொடுத்தும் வாந்தி அடங்காவிட்டால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உருளையாகக் கட்டி தட்டுப்பட்டால் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் நுழைந்துகொள்வது) இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

புதிதாக வந்தவை

பார்வோவுக்கு எதிரான மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு (வைரஸைக் குறிவைத்துத் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம்) 2023இல் அமெரிக்காவில் நிபந்தனை உரிமம் கிடைத்தது. நரம்பில் ஒரே டோஸ். வைரஸைத்தான் அது முடக்கும், ஏற்கெனவே சிதைந்த குடல் படலத்தை அல்ல. அதனால் சீக்கிரம் போட்டால்தான் பலன், திரவமும் உணவும் எப்போதும்போலத் தேவை. மல மாற்றுச் சிகிச்சையை (ஆரோக்கியமான நாயின் மலத்தை நோயுற்ற குட்டியின் குடலில் செலுத்துவது) 66 குட்டிகளில் சோதித்த 2018 ஆய்வில் கழிச்சல் விரைவில் நின்றது. இறப்பு 36.4இலிருந்து 21.2 சதவீதமாகக் குறைந்தாலும் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

யாரை எங்கே வைப்பது

முதல் நரம்புவழித் திரவம் முடிந்த பிறகு முடிவெடுங்கள், வாசலில் பார்த்தவுடன் அல்ல. ஈறு இளஞ்சிவப்பாகி, குட்டி தலைதூக்கி, குளுக்கோஸ் நிலையாக நின்றால் வீடு சாத்தியம். அப்படி நிமிராதது, திரும்பத் திரும்பக் குளுக்கோஸ் விழுவது, உடல் குளிர்ந்தே இருப்பது ஆகியவற்றுக்கு அட்மிஷன்தான். வீட்டில் தடுப்பூசி போடாத வேறு குட்டி இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலத்தில் வெளிவரும் பார்வோ வைரஸை அழிக்க, குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினியை நம்ப முடியாது. மலத்தை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகு, வீட்டு பிளீச்சை 1:30 விகிதத்தில் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும்.