சென்னையின் தாழ்தளப் பேருந்து: ஒரு டிப்போ மெக்கானிக்கின் மதிப்பீடு

சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தாழ்தளப் பேருந்துகள் நன்றாக இருக்கின்றன. இந்த நகரம் வாங்கிய பேருந்துகளில் இதைவிட நல்ல தேர்வு இல்லை என்பது என் கருத்து. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பழைய பஸ்ஸின் படிகளுக்குப் பயந்து ஆட்டோவிலேயே போய்க்கொண்டிருந்தாள். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் உள்ளே போய்விடுகிறாள். நான் தென்மாவட்டத்தில் ஒரு அரசு டிப்போவில் டெக்னிக்கல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் சீட்டைவிட சக்கரத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதில்தான் எனக்குக் கண் போகும்.

நம்மூர் சாதாரண டவுன் பஸ் அடிப்படையில் லாரி சேசிஸ்தான். நீளமாக நேராக ஓடும் பிரேம், கீழே பட்டை ஸ்பிரிங், டிரைவர் பக்கத்தில் இன்ஜின். அந்தப் பிரேமுக்கு மேல் தளம் போட்டால் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் தாண்டிவிடும். 2008-ல் மத்திய அரசு வெளியிட்ட நகரப் பேருந்து விவரக்குறிப்பிலேயே தாழ்தளம் என்றால் 400 மில்லிமீட்டர், அரைத் தாழ்தளம் என்றால் 650 என்று தெளிவாக இருந்தது. ஆனால் 400-க்கு இறங்க வேண்டுமென்றால் பிரேமை வளைக்க வேண்டும், முன் ஆக்ஸிலைத் தாழ்த்த வேண்டும், இன்ஜினைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், பட்டையை எடுத்துவிட்டு, காற்றடைத்த பைகளில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் போட வேண்டும். விலை ஏறும், பராமரிப்பும் ஏறும். சென்னை ரோட்டுக்கும் மழைத்தண்ணீருக்கும் சரிவராது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராடிய பிறகுதான் நிலைமை மாறியது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி நிதியில் 2024 ஆகஸ்ட்டில் முதல் 58 டீசல் தாழ்தள வண்டிகள் வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார வண்டிகள் கிளம்பின.

இந்த வண்டியில் நான் ரசித்துப் பார்ப்பது அது மண்டியிடுவதை. ஸ்டாப்பில் நின்றதும் டிரைவர் ஒரு பட்டனை அழுத்துகிறார். உஸ்ஸென்று காற்று வெளியேறுகிறது. வண்டியின் இடது பக்கம் மட்டும் மெதுவாக இறங்கி நம் பக்கம் சாய்கிறது. ஆட்கள் ஏறியதும் காற்று நிரம்பி மறுபடி நிமிர்கிறது. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் இருக்கும் ரப்பர் காற்றுப் பை, அதாவது பெல்லோஸ்தான் இந்த வேலையைச் செய்கிறது. அதற்கு வேண்டியது சுத்தமான, ஈரமில்லாத காற்று.

டிப்போவில் காலை ஷிப்டில் முதல் வேலையாக ஏர் டேங்கின் அடிவால்வைத் திறப்போம். கம்ப்ரஸர் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் போல வெளியே வரும். கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், இன்னும் கூடுதலாக வரும். பட்டை போட்ட வண்டியில் அந்தத் தண்ணீர் பிரேக்கைத்தான் கெடுக்கும். தாழ்தள வண்டியில் சஸ்பென்ஷன், கதவு, மண்டியிடும் வசதி எல்லாமே அதே காற்றில்தான் ஓடுகின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜைக் கெடு தவறாமல் மாற்றாவிட்டால் வால்வுகள் சிக்கும். வண்டியின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சாரில் சேறு படிந்தாலோ அதன் கம்பி வளைந்தாலோ, வண்டி ஒரு பக்கம் சரிந்தபடியே ஓடும். அப்படிச் சரிந்த வண்டியை மறுநாளும் ரூட்டில் விடக்கூடாது. விட்டால் பெல்லோஸ் உரசிக் கிழியும், பிறகு செலவு பல மடங்கு.

நான் வேலை பார்த்த இடத்தில் உதிரிபாகம் வராமல் ஒரு வண்டி ஓரமாக நிற்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மற்ற வண்டிகளுக்கு மாட்டுவோம். கொஞ்ச நாளில் அந்த வண்டி எலும்புக்கூடாகிவிடும். தாழ்தள வண்டிக்கு இந்தப் பழக்கம் கொஞ்சமும் ஆகாது. எலக்ட்ரானிக் பாகங்களைக் கழற்றி மாட்டினால் கோளாறும் கூடவே வரும். பஸ் வாங்கும்போதே பல வருஷத்துக்கான உதிரிபாகம், பயிற்சி, ஸ்கேனர் கருவி எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசியாக வேண்டும்.

டீசல் வண்டிகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற இன்ஜினின் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போவதற்குச் சூடு வேண்டும். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவது கஷ்டம். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் டிப்போவில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு அந்தக் கரியை எரிக்க வேண்டும். 'டிரிப் முடியட்டும்' என்று தள்ளிப்போட்டால் வடிகட்டியே போகும். என்னைக் கேட்டால் டீசலை ஜி.எஸ்.டி. சாலை போன்ற நீண்ட ஓட்டத்துக்கும், மின்சார வண்டியை நெரிசல் ரூட்டுக்கும் விடுவேன்.

மின்சார வண்டிக்கு நெரிசல் பிரச்சினையே இல்லை. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புவதால் லைனிங் நிறைய நாள் வரும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும். வண்டி எடை அதிகம், இழுவையும் அதிகம். உள்ளே சத்தமில்லை. பழைய பஸ்ஸில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் வேகும், அந்தத் தொல்லையும் இல்லை. பின்பாதியில் மட்டும் படி ஏற வேண்டும். வயதானவர்கள் முன்பக்கமே உட்காருவது நல்லது.

இந்த மின்சார வண்டிகள் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. வண்டி, டிரைவர், பராமரிப்பு தனியாருடையது. கண்டக்டர் கழகத்து ஆள். ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். வண்டி நின்றால் நஷ்டம் அவர்களுக்கே என்பதால் பராமரிப்பில் அக்கறை இருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் முடியும்போது அரசு டிப்போவில் ஹை வோல்டேஜ் வேலை தெரிந்த ஒரு ஆளும் இல்லாமல் போய்விடக் கூடாது. ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகளை இப்போதே அந்தத் தனியார் பராமரிப்பு வேலைக்கு அனுப்பிப் பழக்க வேண்டும்.

குறை என்று பார்த்தால் அது ஸ்டாப்பில்தான் இருக்கிறது. நடைமேடையை ஒட்டி நிறுத்தினால்தான் மண்டியிடுவதற்கு அர்த்தம். நடுக்கதவின் சாய்தளப் பலகையும் அப்போதுதான் சரியாக உட்காரும். ஆட்டோவும் பைக்கும் மறித்து நிற்பதால் பஸ் நடுரோட்டில் நிற்கிறது. ஒரு நாள் இதைக் கேட்டபோது டிரைவர் தம்பி, "நான் ஒட்டித்தான் நிறுத்தப் பார்க்கிறேன் சார், இடம் எங்கே இருக்கு?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஸ்டாப்பைக் காலியாக வைத்திருப்பது போக்குவரத்துப் போலீஸும் மாநகராட்சியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வண்டிக்குச் செலவழித்ததில் சிறு பங்கை ஸ்டாப்புக்கும் செலவழித்தால் போதும், சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஏறுவார்.