டிவிடி ரைட்டருக்கு "ஃபர்ம்வேர் போடணும்" என்று கடையில் சொன்னால், பணம் கொடுக்குமுன் இதைப் பாருங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரு பழைய கோர் 2 டுயோ டெஸ்க்டாப். கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் டிஸ்க் எழுதவே வைத்திருந்த சிஸ்டம். ஐடிஇ (அகலப் பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) டிவிடி ரைட்டரின் வேகம் படுத்துவிட்டது; எழுதிய டிஸ்க் நன்றாகப் படித்தாலும் நேரம் மட்டும் இழுத்தது. ஃபர்ம்வேர் என்பது டிரைவுக்குள் இருக்கும் சிப்பில் பதிந்த நிரல். சர்வீஸ் கடையில், "ஃபர்ம்வேர் பழசு சார், அப்டேட் போட்டா சரியாயிடும்" என்று 600 ரூபாய் வாங்கினார்கள். மறுநாள், "அப்டேட் ஏறும்போது டிரைவ் போயிடுச்சு, வேற மாத்தணும்" என்று இன்னொரு 1,300. பழைய டிரைவைத் திருப்பித் தரவில்லை. பில்லில் "டிவிடி சர்வீஸ்" என்பதைத் தவிர வேறு விவரம் கிடையாது. கொஞ்ச நாளில் மாற்றிய டிரைவும் அதே ஆமை வேகத்துக்கு இறங்கியது.

இறங்காமல் என்ன செய்யும்? கோளாறு கேபிளில். எக்ஸ்பியில் ஐடிஇ டிரைவுடன் தரவு பரிமாறும்போது ஆறு தடவைக்கு மேல் பிழை சேர்ந்துவிட்டால், விண்டோஸ் டிஎம்ஏ முறையை (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவு நேரே மெமரிக்குப் போகும் வேகமான முறை) படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பிஐஓவில் (எல்லாத் தரவையும் பிராசஸரே நகர்த்தும் மெதுவான முறை) கொண்டுபோய் நிறுத்தும். பிறகு தானாக மேலே ஏறாது. டிவிடியை 16எக்ஸில் (அடிப்படை வேகத்தைப்போல் 16 மடங்கு) எழுத நொடிக்கு சுமார் 22 எம்பி போய்ச் சேர வேண்டும். பிஐஓவின் உச்ச வரம்பே 16.6 எம்பி, நடைமுறையில் கிடைப்பது அதிலும் மிகக் குறைவு. அந்த நேரம் பிராசஸர் முழுக்க அதிலேயே மாட்டிக்கொண்டு சிஸ்டமே திணறும். இந்த அறிகுறி இருந்தால் ஃபர்ம்வேர் பக்கமே போக வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்களுக்குக் கீழே டிரைவ் இருக்கும் சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் "கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்" என்னவென்று பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் போதும், டிஎம்ஏ திரும்பி வரும். கூடவே கேபிளை மாற்றுங்கள்: 40 பின் இருந்தாலும் உள்ளே 80 கம்பி ஓடும் வகை வேண்டும். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டர் டிரைவுக்கு.

ஃபர்ம்வேர் குணப்படுத்தாத வேறு கோளாறுகளுக்கும் இதே பேரில் பணம் கறக்கிறார்கள். சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை என்றால் பெரும்பாலும் லேசர் தளர்ந்திருக்கும். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 என இரண்டும் தனித்தனி டயோடு. ட்ரே திறக்க மறுத்தால் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். டிரைவ் மை கம்ப்யூட்டரிலிருந்தே காணாமல் போய், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு 19, 31, 32, 39 போன்ற எண் காட்டினால், நீக்கிய ஏதோ ஒரு பர்னிங் (டிஸ்க் எழுதும்) மென்பொருள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் மதிப்புகளின் வேலையாக இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் சிடி, டிவிடி டிரைவ்களின் (சிடி-ரோம்) வகைக்கான கீயில் மட்டும், அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன்பின் சில பர்னிங் மென்பொருட்களை மறுபடி நிறுவ வேண்டி வரலாம்.

இணையத்தில் நடக்கும் ஏமாற்று வேறு விதம். "உங்கள் டிவிடி டிரைவர் 2006-ஐச் சேர்ந்தது, காலாவதி" என்று சிவப்பில் காட்டி லைசென்ஸ் விற்கும் அப்டேட்டர்கள். டிவிடி ரைட்டருக்குத் தனி டிரைவர் மென்பொருளே கிடையாது, விண்டோஸோடு வருவதுதான். விஸ்டா முதல் அதன் தேதி 21-06-2006 என்று இருப்பது மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போட்டது. விண்டோஸ் 10-லும் அப்படியேதான் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்பது டிரைவுக்குள் இருக்கும் சிப்பில் பதிந்த நிரல். ஃபர்ம்வேரையும் தயாரிப்பாளர்கள் இலவசமாகத்தான் கொடுத்தார்கள்.

ஃபர்ம்வேர் உண்மையிலேயே உதவும் இடமும் உண்டு. ஒவ்வொரு டிஸ்கிலும் அதைச் செய்த ஆலையின் குறியீடு பதிந்திருக்கும். அந்தக் குறியீட்டுக்கு லேசரை எவ்வளவு சக்தியில், எந்தத் துடிப்பில் இயக்குவது என்ற அட்டவணை ஃபர்ம்வேரில் இருக்கிறது. டிரைவுக்குப் பின் சந்தைக்கு வந்த டிஸ்க் அட்டவணையில் இல்லாவிட்டால், 16எக்ஸ் டிஸ்க்கும் 4எக்ஸில்தான் எழுதும், அல்லது பிழையோடு எழுதும். குறிப்பிட்ட பிராண்டு டிஸ்கில் மட்டும் தகராறு, மற்றவற்றில் இல்லை என்றால் அப்டேட்டை யோசிக்கலாம்.

அப்போதும் மாடலை எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். கடைகளில் டிரைவ்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான். தோஷிபா-சாம்சங்கின் டிஎஸ்-ஹெச்653ஏ வேறு, டிஎஸ்-ஹெச்653பி வேறு. லைட்-ஆன் ஐஹாஸ்124 வாங்கினால் கடைசியில் ஏ, பி, சி என்று வரும் எழுத்துக்கு ஏற்ப உள்ளே போர்டே மாறும். டெல், ஹெச்பி பெட்டிகளோடு வந்த டிரைவுக்கு அந்தக் கம்பெனியின் ஃபர்ம்வேர் தனி. கோப்பு பொருந்தவில்லை என்று ஃப்ளாஷர் (ஃபர்ம்வேரை ஏற்றும் மென்பொருள்) எச்சரித்தும், சோதனையைத் தாண்டும் ஆப்ஷனைப் போட்டு ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் முழு மாடலும், கடைசி நான்கு எழுத்தில் ஃபர்ம்வேர் பதிப்பும் தெரியும். ஹெச்எல்-டிடி-எஸ்டி என்றால் ஹிட்டாச்சி-எல்ஜி, டிஎஸ்எஸ்டிகார்ப் என்றால் தோஷிபா-சாம்சங். கடைக்குக் கொண்டுபோகுமுன் இந்த வரியையும், டிரைவ் மேல் ஒட்டிய லேபிளையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

நீங்களே ஏற்றுவதாக இருந்தால்: ட்ரேயில் டிஸ்க் இருக்கக் கூடாது. நீரோ இன்சிடி, டீமன் டூல்ஸ், ஆன்டிவைரஸ் மூன்றையும் நிறுத்துங்கள். என்விடியா என்ஃபோர்ஸ் சிப்செட்டோடு வருவது போன்ற தனி ஐடிஇ டிரைவர் இருந்தால் மைக்ரோசாஃப்டின் சாதாரண டிரைவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூஎஸ்பி அடாப்டர் வழியாக ஃப்ளாஷ் செய்யாதீர்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். நெக், ஆப்டியார்க் டிரைவ் என்றால் பின்ஃப்ளாஷ் என்ற மென்பொருள் கொண்டு பழைய ஃபர்ம்வேரை முதலில் கோப்பாக எடுத்து வைக்கலாம். ஏற்றி முடித்ததும் ரீஸ்டார்ட் போதாது. முழுக்க ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, பிறகு போடுங்கள். இதைச் செய்யாமலே "டிரைவ் செத்துவிட்டது" என்று அறிவிக்கும் கடைகளும் உண்டு.

பாதியில் நின்ற ஃப்ளாஷ் எல்லாமே மரணமும் ஆகாது. பயாஸில் டிரைவ் இன்னும் ஏதோ ஒரு பெயரில் தெரிந்தால், பல மாடல்களில் டாஸ் ஃப்ளாஷரால் சரியான கோப்பை மறுபடி ஏற்றி மீட்க முடியும். அதனால், டிரைவ் போய்விட்டது என்று கடை சொன்னால் அதைக் கையில் வாங்காமல் அடுத்த டிரைவுக்குப் பணம் கட்டாதீர்கள். எந்தக் கோப்பை ஏற்றினார்கள் என்று அதன் பெயரோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள சீரியல் எண் உங்கள் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.