நீச்சல் வகுப்பில் கட்டாயமாக விற்கும் ‘கிட்’: பெற்றோர் கவனத்துக்கு

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சல் பயிற்சியில் சேர்க்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் குளத்தில் என் ஏழு வயது மகளுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

பயிற்சிக் கட்டணம் போக, 2,600 ரூபாய்க்கு ஒரு ‘கிட்’டை அங்கேயே வாங்கியாக வேண்டும் என்றார்கள். வெளியே வாங்கியதைக் குளத்துக்குள் விடமாட்டார்களாம். நீச்சல் உடை, கண்ணாடி, தொப்பி, காற்று ஊதிக் கையில் மாட்டும் பட்டைகள், இவ்வளவுதான் அந்தப் பையில் இருந்தன. உடை குளோரினைத் தாங்கும் பாலியஸ்டர், கண்ணாடி பாலிகார்பனேட், அதன் விளிம்பும் தொப்பியும் சிலிகான் என்று கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டினார். பில் கேட்டதற்குப் பயிற்சி ரசீதின் பின்பக்கத்தில் தொகையை எழுதி நீட்டினார். எந்தப் பொருளிலும் தயாரிப்பாளர் பெயரோ முகவரியோ இல்லை. உடையில் துணி விவரச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில், அதைக் கத்தரித்து எடுத்த தையல் மட்டும் இருந்தது.

முதல் மாதம் முடிவதற்குள் உடை தொடைப் பக்கம் தொளதொளத்துவிட்டது. பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல்கள் மறுபக்கம் தெரிந்தன. இழுத்தால் வெள்ளை நூல்கள் அறுந்து வெளியே துருத்தின. அவை ஸ்பான்டெக்ஸ் இழைகள். பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தவை. உடலோடு ஒட்டிப் பிடிக்கும் இழுவை அவற்றால்தான் வருகிறது. ஆனால் குளோரின் பட்டால் அந்த இழை மெல்ல மெல்ல அறுபடும். உடன் சேர்க்கும் நைலானும் வலுவிழக்கும். அதனால்தான் தினமும் நீந்துகிறவர்கள் பிபிடி என்ற பாலியஸ்டர் ரகத்தைத் தேடி வாங்குகிறார்கள். குளோரினைத் தாங்கும் பாலியஸ்டர் என்று சொல்லி நைலான் கலவையை விற்றுவிட்டு, “சோப்புப் போட்டுத் துவைத்திருப்பீர்கள்” என்று பழியை எங்கள் மேல் போட்டார்கள்.

பெரிய பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்னொரு கதை. ‘ஒலிம்பிக் வீரர்கள் அணியும் ரகம்’ என்று சொல்லி, பளபளவென்று பூச்சுக் கொடுத்த உடையை இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். பாலியூரித்தேன் உடைகள் ஒரு காலத்தில் பந்தயத்தில் இருந்தது உண்மைதான். 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் படைக்கப்பட்டபோது, வீரர்களை விட உடைகளைப் பற்றித்தான் பேச்சு அதிகம். 2010 தொடக்கத்திலிருந்து துணியால் ஆகாத உடைகளுக்குப் பந்தயத்தில் தடை. பள்ளிப் பிள்ளைகளிடம் அதைக் காட்டிக் காசு பிடுங்குவது அநியாயம்.

கண்ணாடியின் கதை இதைவிட மோசம். உறையைப் பிரித்ததுமே புது மழைக்கோட்டு வாடை அடித்தது. சிலிகானுக்கு அப்படி வாடை கிடையாது. அது மென்மையாக்கிய பிவிசி. பிவிசியை வளைய வைக்கச் சேர்க்கும் திரவம் நாளாக ஆகக் கசிந்து வெளியேறிவிடும், பிறகு விளிம்பு விறைத்துப்போகும். மகளின் கண்ணைச் சுற்றிச் சிவந்த தடம் விழுந்தது, தண்ணீரும் உள்ளே புகுந்தது. ஒருநாள் பெஞ்சிலிருந்து தரையில் விழுந்து லென்ஸ் இரண்டாகப் பிளந்தது. உடைந்த ஓரம் என் விரலைக் கீறியது. பாலிகார்பனேட் அவ்வளவு எளிதில் உடையாது, புற ஊதாக் கதிரையும் இயல்பாகவே தடுக்கும். உடைந்தது ஏதோ மலிவான, நொறுங்கும் பிளாஸ்டிக். முகத்தில் மாட்டியிருக்கும்போது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் நான் பதறியது கைப்பட்டையால். நல்ல பட்டையில் தனித்தனியாக ஊதும் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்று ஓட்டையானாலும் மற்றது தாங்கும். வால்வுக்குள் ஒரு சிறு மடிப்பு இருக்கும். மூடி திறந்துகொண்டாலும் காற்று உடனே போய்விடாமல் அது பிடித்துக்கொள்ளும். எங்களுக்குக் கொடுத்ததில் ஒரே அறை. வால்வுக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் துளை. நீந்தும்போதே இடது கைப் பட்டையின் ஒட்டு வரி பிரிந்து, பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். நான் குளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்ததால் இழுத்து எடுத்தேன். பயிற்சியாளர் அப்போது மறுமுனையில் இருந்தார். ஐரோப்பாவில் இத்தகைய பட்டைகளுக்கு ஈஎன் 13138 என்ற தர நிர்ணயம் இருக்கிறது, அந்த எண் பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். அது இருந்தாலும் அது உயிர் காக்கும் கருவி அல்ல; பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

“எல்லாம் பிளாஸ்டிக்தானே மேடம், இதில் என்ன வித்தியாசம்?” என்று நிர்வாகத்தினர் கேட்டார்கள். அதன் பிறகுதான் குளத்தையே உற்றுப் பார்த்தேன். ஆழப் பகுதியில் தண்ணீரை உறிஞ்சும் துளையின் சல்லடை மூடி விரிசல் விட்டு, கம்பியால் கட்டியிருந்தது. வெயிலும் குளோரினும் சேர்ந்து தாக்கினால் பிளாஸ்டிக் மூடி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். ஆகவே அதற்கு ஆயுள் கணக்கு உண்டு, குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். மூடி உடைந்தால் பம்ப்பின் இழுவையில் முடியோ கையோ சிக்கிக்கொள்ளும், பெரியவர் இழுத்தாலும் விடுவிப்பது கடினம். அமெரிக்காவில் 2002இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிச் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007இல் சட்டம் கொண்டுவந்து, பொதுக் குளங்களில் பாதுகாப்பான மூடியைக் கட்டாயமாக்கினார்கள். என் மகளுக்கும் அதே வயது. அன்றோடு வகுப்பை நிறுத்திவிட்டேன்.

இதே நிலையில் இருக்கிறவர்கள் பொருளையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். பில் தர மறுப்பதும், பில்லில் காலக்கெடு குறிப்பிடாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

நான் 1915இல் புகார் பதிவு செய்து, மூடியைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்திலும் மனுக் கொடுத்திருக்கிறேன். கிட்டுக்கான பணத்தைத் தருகிறோம், இரண்டையும் திரும்பப் பெறுங்கள் என்று இப்போது தூது விடுகிறார்கள். அந்த மூடியை மாற்றும்வரை மனுவைத் திரும்பப் பெறப்போவதில்லை.