பட்டியலா, அகராதியா, பையர் மெயிலா? இங்கிலீஷ் வினைச்சொல் சேர்க்க எது வழி

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில், ஆர்டர் தரும் வெளிநாட்டுப் பையரோடு மெயிலில் பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஈரோடு, நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடம் முடித்து, கோயமுத்தூரில் டிகிரி வாங்கியவர்கள்தான். ஆனால் மெயில் எழுத உட்கார்ந்தால் 'சென்ட்', 'கிவ்', 'டெல்', 'செக்' என்று நாலைந்து வினைச்சொல்லிலேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். "ஏனுங்ண்ணா, சாம்பிளுக்கும் சென்ட், இன்வாய்ஸுக்கும் சென்ட்னே எழுதிட்டிருக்கறனுங்க. வேற வார்த்தை படிக்க எந்த புக்குங்க வாங்கறது?" இந்தக் கேள்வி வராத சீசன் இல்லை.

கேட்டதும் எல்லோரும் கைகாட்டுவது சினானிம் பட்டியலைத்தான். காந்திபுரம் கோச்சிங் சென்டர் நோட்ஸிலும், வாட்ஸப்பில் சுற்றும் பிடிஎஃப்பிலும் இருக்கும் அதே சரக்கு: இடப்பக்கம் ஒரு வினை, வலப்பக்கம் அதற்குப் பத்து மாற்று. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்கட்டத் தேர்வில் 100 கேள்விகளில் 25 இங்கிலீஷ். கேள்விக்கு 2 மதிப்பெண், தப்பினால் அரை மதிப்பெண் போகும். அங்கே சினானிமை நேராகவே கேட்கிறார்கள். நாலு விடையில் சரியானதை அடையாளம் கண்டால் போதும், வாக்கியம் எழுத வேண்டியதில்லை. அந்தப் பரீட்சைக்குப் பட்டியல்தான் மலிவு, வேகம்.

சிக்கல், பத்தையும் ஒரே மூச்சில் படிப்பதில் இருக்கிறது. அர்த்தம் நெருங்கிய சொற்களைக் கூட்டமாகப் படித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பி, மனதில் நிற்க அதிக நேரம் பிடிக்கிறது என்று டிங்கம் என்ற ஆராய்ச்சியாளர் 1993-லேயே சோதித்துக் காட்டினார். 1997-ல் ராப் வேரிங் ஜப்பானிய மாணவர்களிடம் செய்து பார்த்தபோதும் அதே முடிவுதான். கல்யாணம் முடிந்த அன்றே மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா பெரியப்பாமார் அத்தனை பேரையும் அறிமுகப்படுத்தினால் புதுப்பொண்ணு யாரை யாரென்று வைத்துக்கொள்வாள்? ஒரு வாரத்துக்கு ஒருவர் என்றால் பேரும் முகமும் நிற்கும். பட்டியல்தான் வேண்டும் என்கிறவர், ஒரு வினைக்கு ஒரு மாற்றோடு நிறுத்திக்கொண்டு, அடுத்ததைப் பத்து நாள் கழித்துத் தொடலாம்.

அடுத்த போட்டியாளர் தெசாரஸ், அதாவது ஒத்த அர்த்தச் சொற்களைச் சேர்த்துத் தரும் புத்தகம். பீட்டர் மார்க் ரோஜே என்ற டாக்டர் 1852-ல் வெளியிட்டதிலிருந்து அதன் இயல்பு மாறவில்லை. சொற்களை வரிசையாக அடுக்கும், அர்த்தம் சொல்லாது. ஏற்கெனவே தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது எடுத்துக்கொடுக்கத்தான் அது. இங்கிலீஷில் ஊறியவருக்கு அருமையான துணை, நம் புதுப் பையனுக்கு ஆபத்து. எம்எஸ் வேர்டில் ரைட் கிளிக் செய்தால் வருவதும் இதே ரகம்தான்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. 'டிலே' என்று தேடினால் 'போஸ்ட்போன்', 'ஹோல்ட்', 'ப்ரோக்ராஸ்டினேட்' எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஷிப்மெண்ட் 'டிலே' ஆனது என்றால் தாமதமாகிவிட்டது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். 'போஸ்ட்போன்' என்றால் தெரிந்தே தள்ளிவைத்திருக்கிறோம். 'ஹோல்ட்' என்றால் நிறுத்தி வைத்திருக்கிறோம், யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறோம். 'ப்ரோக்ராஸ்டினேட்' என்றால் சோம்பலில் இழுத்தடித்தோம் என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி. பையர் லேப் டிப் (சாயம் போட்ட துணிச் சாம்பிள்) அப்ரூவலைத் தாமதித்ததால் சரக்கு நின்றிருக்கும்போது இந்தச் சொல்லைப் போட்டால், ஏர் ஃப்ரெய்ட் செலவு யார் தலையில் என்ற பேச்சு வரும்போது நம் மெயிலையே நமக்குத் திருப்பிக் காட்டுவார்கள். கப்பல் வாடகைக்கும் விமான வாடகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த முதலாளி அன்றைக்கு என்ன பேசுவார் என்பதை இங்கே எழுத முடியாது.

லேர்னர்ஸ் டிக்ஷனரி எனக்குப் பிடித்த வழி, பக்கம் சாய்ந்துதான் பேசுகிறேன். ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஏ.எஸ். ஹார்ன்பி, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியானது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபடி வெளியிட்டது. வினைக்குப் பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று மாதிரி போட்டுக் காட்டியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் 'டிஸ்கஸ் அபவுட்' எழுதாத ஆள் குறைவு, 'எக்ஸ்ப்ளெயின் மீ'யும் அப்படியே. முதலாவதில் 'அபவுட்' கூடாது, இரண்டாவதில் 'டு மீ' என்று வர வேண்டும். எந்தப் பட்டியலும் இதைத் திருத்தாது. இந்த அகராதி ஒரு வாக்கியத்தில் காட்டிவிடும். 1978-ல் வந்த லாங்மேன் இன்னும் ஒரு படி மேலே போய், ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா அர்த்தத்தையும் சொல்லிவிட்டது. இரண்டும் இப்போது நெட்டில் இலவசம்.

ஃபேக்டரியில் ஒரே நாளில் புழங்கும் வினைகளைப் பாருங்கள். துணியைக் கழுவிச் சுருக்கம் பார்ப்பது 'டெஸ்ட்'. பேக் செய்த பெட்டிகளில் சில பீஸ் உருவி, குறையுள்ள பீஸ் எவ்வளவு வரை ஏற்கலாம் என்ற அளவான ஏ.க்யூ.எல். 2.5-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பது 'இன்ஸ்பெக்ட்'. பேக்கிங் லிஸ்ட் எண்ணிக்கையை இன்வாய்ஸோடு ஒத்துப்பார்ப்பது 'வெரிஃபை'. பட்டியல் புத்தகத்தில் மூன்றும் 'செக்'குக்கு மாற்று என்று ஒரே வரியில் கிடக்கும். லேப் டிப்பை 'அப்ரூவ்' செய்வார்கள், ஆர்டரை 'கன்ஃபர்ம்' செய்வார்கள். மாற்றிப் போட்டால் அர்த்தம் புரியும்தான், ஆள் புதுசு என்பதும் சேர்ந்தே புரியும்.

இங்கிலீஷில் ஒரே அர்த்தத்துக்கு இத்தனை ஜோடிச் சொல் எப்படி வந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, கோர்ட்டும் அதிகாரமும் பிரெஞ்சு பேசின. 'பை', 'பிகின்' எல்லாம் ஊர்ச் சொல்லாக நிற்க, 'பர்ச்சேஸ்', 'கமென்ஸ்' எல்லாம் காகிதச் சொல்லாக வந்து சேர்ந்தன. அதனால்தான் இன்றைக்கும் ஆர்டர் 'பர்ச்சேஸ் ஆர்டர்'. கொடுப்பவர் மட்டும் ஏனோ 'பையர்' ஆகவே இருந்துவிட்டார்.

ஆங்கி போன்ற கார்டு ஆப்பைத் தனி வழி என்றே நான் எண்ணவில்லை. மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. 1972-ல் லைட்னர் என்பவர் அட்டைப்பெட்டி வைத்துச் சொன்ன அதே முறைதான். உள்ளே எதைப் போடுகிறோம் என்பது நம் பாடு. ஒற்றைச் சொல்லைப் போடாமல், வினை இருக்குமிடத்தைக் காலியாக விட்டு முழு வாக்கியத்தைப் போட்டால் பலன் உண்டு.

கடைசியாக, காசே இல்லாத வழி: பழைய மெயில். சீனியர் அக்கா விட்டுப்போன ஃபோல்டரைத் திறந்து, பையர் எழுதிய வாக்கியங்களில் வினையையும் அதற்கு ஒட்டி வரும் சொல்லையும் நோட்டில் எழுதிக்கொள்வது. தொழிலுக்கு இதைவிட வேகமாகக் கைகொடுப்பது எதுவுமில்லை. ஒரு எச்சரிக்கை, ஸ்பெயின்காரரும் ஜெர்மன்காரரும் எழுதுவது அவர்களுக்கும் இரண்டாம் மொழி. சந்தேகம் வந்தால் அகராதியில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வெளிநாடு போக எழுதும் இங்கிலீஷ் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறவருக்கு மட்டும் இந்த ஃபோல்டர் போதாது. அங்கே ரைட்டிங் மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு, தலைப்போ ஊர், படிப்பு, சுற்றுச்சூழல் என்று எங்கும் போகும். அவர் பட்டியலையும் மெயிலையும் விட்டுவிட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேப்பரின் நடுப்பக்கக் கட்டுரையை வாசிக்கட்டும்.